சேதமடைந்த டி.என்.ஏ. காரங்களும் அவற்றைச் சீர்செய்யும் நொதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.என்.ஏ. பழுதுநீக்கத்தைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் நொதிகளின் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. எந்த நொதி எந்தப் பழுதை நீக்கும் என்பது அவற்றில் கிடைக்கும். ஒரு பழுதை நொடியில் நீக்கும் நொதி, அதைப் போலவே தோன்றும் இன்னொன்றை ஏன் தொடுவதேயில்லை என்பதற்கு அவற்றில் விடை இருக்காது. அந்த விடை சேதமடைந்த காரத்தின் வேதியியலில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளி வேதியியல் படித்த எவரும் பின்தொடரக்கூடியது என்பதால், அதை இங்கே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வெளியிலிருந்து எந்தக் கெடுதலும் வராதபோதும் டி.என்.ஏ. சேதமடையுமா?

சேதமடையும். டி.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்கள் (அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின்) சர்க்கரையோடு பிணைந்திருக்கின்றன; எதிரெதிர் இழைகளில் அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் இணைகின்றன. இந்த டி.என்.ஏ. எப்போதும் நீரால் சூழப்பட்டிருக்கிறது. ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வீரியமிக்க மூலக்கூறுகளும், மெத்தில் தொகுதியை வழங்கக்கூடிய செல்லின் சொந்தச் சேர்மங்களும் அதன் அருகிலேயே இருக்கின்றன. சுவீடனில் பிறந்த தோமஸ் லிண்டால் 1970களின் தொடக்கத்தில் இந்தத் தன்னியல்பான சிதைவை அளந்து, ஒரு பாலூட்டிச் செல்லில் நாளொன்றுக்கு 10,000 வரையிலான பியூரின் காரங்கள் (அடினைன், குவானைன்) சர்க்கரையிலிருந்து தாமாகவே கழன்றுவிடுகின்றன என்று மதிப்பிட்டார். சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறுவது அதைவிடக் குறைவு. நாளொன்றுக்குச் சில நூறு முறை நிகழ்கிறது. இவ்வளவு சிதைவுக்கு நடுவிலும் உயிர் நிலைத்திருக்க வேண்டுமானால் சீர்செய்யும் ஏற்பாடு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று தேடிய அவர், டி.என்.ஏ.விலிருந்து யுராசிலை மட்டும் வெட்டியெடுக்கும் நொதியை 1974இல் ஈ.கோலை பாக்டீரியாவில் கண்டறிந்தார். பால் மோட்ரிச், அசீஸ் சஞ்சார் ஆகியோருடன் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: "இது பழுதடைந்த காரம்" என்று ஒரு நொதி எப்படி அறிகிறது?

நொதிக்குப் பழுது, பழுதின்மை என்ற பாகுபாடு கிடையாது. வினை நிகழும் அதன் பள்ளத்தில் எது பொருந்துகிறது, பொருந்தியதன் பிணைப்பு உடைகிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சேதமடைந்த காரத்தைச் சர்க்கரையிலிருந்து வெட்டியெடுக்கும் நொதிகளைக் கிளைக்கோசைலேஸ்கள் என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை, இரட்டைச் சுருளுக்குள் அடுக்கப்பட்டிருக்கும் காரத்தை வெளிப்புறமாகப் புரட்டித் தம் பள்ளத்துக்குள் எடுத்துக்கொண்டு சோதிக்கின்றன.

மனிதச் செல்லின் யுராசில் கிளைக்கோசைலேஸான யு.என்.ஜி. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. யுராசிலுக்கும் தைமினுக்கும் உள்ள வேறுபாடு ஐந்தாவது கார்பனில் இருக்கும் ஒரேயொரு மெத்தில் தொகுதி. யு.என்.ஜி.யின் பள்ளத்தில் 147ஆம் இடத்து டைரோசின் அந்தக் கார்பனை ஒட்டி நிற்பதால் மெத்தில் தொகுதி நுழைய இடமில்லை. தைமின் வெளியே தள்ளப்படுகிறது. யுராசிலுக்கும் சைட்டோசினுக்கும் உள்ள வேறுபாடு வேறுவகை: நான்காவது கார்பனில் ஒன்றுக்கு ஆக்சிஜன், மற்றொன்றுக்கு அமினோ தொகுதி. 204ஆம் இடத்து அஸ்பராஜின் யுராசிலோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்கிறது. சைட்டோசினோடு அந்தப் பிணைப்பு கைகூடுவதில்லை. இந்த விளக்கத்தை 1996இல் வெளியான ஒரு சோதனை உறுதிசெய்தது. டைரோசினைச் சிறிய அலனினாக மாற்றியபோது நொதி தைமினை வெட்டத் தொடங்கியது. அஸ்பராஜினை அஸ்பார்ட்டிக் அமிலமாக மாற்றியபோது சைட்டோசினை வெட்டத் தொடங்கியது. ஓர் அமினோ அமிலம் மாறியதும், காப்பாற்றும் நொதி நல்ல காரங்களையே அழிக்கும் நொதியாகிவிட்டது.

கேள்வி: பள்ளத்தில் பொருந்தினால் போதாதா? பிணைப்பு உடைவதற்கும் காரத்தின் தன்மைக்கும் என்ன தொடர்பு?

போதாது, இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். காரத்தையும் சர்க்கரையையும் இணைக்கும் கிளைக்கோசிடிக் பிணைப்பு உடையும்போது, பிணைப்பின் எலக்ட்ரான் இணை காரத்தோடு போய்விடுகிறது. ஆகவே அந்த எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு நிலைத்திருக்கும் திறன், அதாவது நல்ல வெளியேறும் தொகுதியாக இருக்கும் திறன், காரத்துக்கு வேண்டும். யுராசில் வெளியேறும்போது அதன் முதலாம் நைட்ரஜனில் எதிர்மின்சுமை தங்குகிறது. நீரில் தனித்திருக்கும் யுராசிலில் அந்த நைட்ரஜனின் பி.கே.ஏ. மதிப்பு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவு) 9.8. ஈ.கோலை நொதியின் பள்ளத்துக்குள் அது 6.4 அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். நொதி தன் சூழலால் யுராசிலை மேலும் நல்ல வெளியேறும் தொகுதியாக ஆக்குகிறது என்பதே இதன் பொருள்.

இந்தத் தொடர்பை இன்னும் நேரடியாகக் காட்டுவது டி.டி.ஜி. எனப்படும் தைமின் டி.என்.ஏ. கிளைக்கோசைலேஸ். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டிரோஹாட்டின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், யுராசிலின் ஐந்தாவது கார்பனில் வெவ்வேறு தொகுதிகளை வைத்து, ஒவ்வொன்றையும் இந்த நொதி எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்று ஒப்பிட்டது. ஃபுளூரின் போல எலக்ட்ரானைத் தன்பால் இழுக்கும் தொகுதி இருந்தால் முதலாம் நைட்ரஜனின் அமிலத்தன்மை கூடுகிறது. கூடக்கூட வெட்டும் வேகமும் ஏறுகிறது. எலக்ட்ரானைத் தரும் மெத்தில் தொகுதி இருந்தால், அதாவது தைமினாக இருந்தால், வேகம் வெகுவாகச் சரிகிறது. நொதி ஒன்றே, மாறுவது வெளியேறும் காரத்தின் வேதியியல் மட்டுமே.

இதே விதி, மரபணுக்களை அடக்கியும் எழுப்பியும் வைக்கும் மெத்தில் குறிகளை அழிப்பதிலும் செயல்படுகிறது. அந்தக் குறியைத் தாங்கும் 5-மெத்தில்சைட்டோசினையும் (ஐந்தாவது கார்பனில் மெத்தில் ஏறிய சைட்டோசின்), அதன் முதல் ஆக்சிஜனேற்ற விளைபொருளான 5-ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினையும் டி.டி.ஜி. தொடுவதில்லை. மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்று 5-ஃபார்மைல் அல்லது 5-கார்பாக்சில்சைட்டோசினாக மாறியவற்றை அது நன்றாகவே வெட்டுகிறது. இது 2011இல் தெரியவந்தது.

கேள்வி: தைமின் இயல்பான காரம்தானே? அதை வெட்டும் நொதி எதற்கு?

சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில் கிடைக்கும்; டி.என்.ஏ.வில் யுராசில் அந்நியம் என்பதால் எளிதில் அகப்பட்டுவிடும். 5-மெத்தில்சைட்டோசின் அதே வினைக்கு உட்பட்டால் கிடைப்பது தைமின். அது டி.என்.ஏ.வின் சொந்தக் காரம் என்பதால் வடிவத்தில் எந்தக் குறையும் தென்படாது. எதிர் இழையில் அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் குவானைன் இருக்கிறது என்பது ஒன்றே தடயம். ஆகவே டி.டி.ஜி. எதிரே குவானைன் இருக்கிறதா, அண்டை இடத்தில் சி.பி.ஜி. வரிசை (சைட்டோசினை அடுத்துக் குவானைன் வரும் இடம்) இருக்கிறதா என்று பார்த்து, மிக மெதுவாக வெட்டுகிறது. யு.என்.ஜி. யுராசிலை வெட்டும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது பல்லாயிரம் மடங்கு மெதுவானது.

இதை நொதியின் குறையாகக் கருதக்கூடாது என்பது என் கருத்து. தைமினை வேகமாக வெட்டும் நொதி, சரியான இணையில் இருக்கும் கோடிக்கணக்கான தைமின்களுக்கு ஆபத்தாகிவிடும். அந்த எச்சரிக்கைக்கு நாம் கொடுக்கும் விலையும் கண்கூடு: மனித மரபணுத்தொகுதியில் சி.பி.ஜி. இடங்களே சடுதிமாற்றம் மிகுதியாக நிகழும் இடங்கள்.

கேள்வி: 8-ஆக்சோகுவானைன் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

நான்கு காரங்களில் எலக்ட்ரானை மிக எளிதில் இழப்பது குவானைன். அதன் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் ஏறத்தாழ 1.29 வோல்ட், அடினைனுக்கு 1.42, மற்ற இரண்டும் அதற்கும் மேலே. எனவே ஆக்சிஜனேற்றத்தின் அடி முதலில் குவானைன்மீது விழுகிறது. கிடைக்கும் பொருள்களில் முதன்மையானது 8-ஆக்சோகுவானைன்.

மாற்றம் அளவில் மிகச் சிறியது. எட்டாவது கார்பனில் ஹைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் அமர்கிறது. ஏழாவது நைட்ரஜன் ஒரு ஹைட்ரஜனைப் பெறுகிறது. சைட்டோசினோடு இணையும் முகம் அப்படியே இருப்பதால் சுருளில் குறிப்பிடத்தக்க கோணல் ஏதும் ஏற்படுவதில்லை. ஆனால் புதிய ஆக்சிஜன் சர்க்கரைப் பக்கத்தோடு மோதுவதால், இந்தக் காரம் திரும்பி நிற்கவும் தயாராக இருக்கிறது. திரும்பி நின்றால் அதன் மறுமுகம் அடினைனோடு ஒழுங்கான இணையாகப் பொருந்துகிறது. புதிய இழையை உருவாக்கும் நொதியான பாலிமரேஸ் அதை நம்பி அடினைனைச் சேர்க்கிறது. அடுத்த இரட்டிப்பாதலில் குவானைன் இருந்த இடத்தில் தைமின் நிலைபெற்றுவிடுகிறது.

மனிதச் செல்லில் இதை வெட்டுவது ஓ.ஜி.ஜி.1 என்னும் நொதி. டி.என்.ஏ.வோடு பிணைந்த அதன் படிக அமைப்பு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தபோது பலர் வியந்தது, அந்த நொதி புதிய ஆக்சிஜனைப் பிடித்து அடையாளம் காணவில்லை என்பதைக் கண்டுதான். அது தேடுவது ஏழாவது நைட்ரஜனில் புதிதாக வந்த ஹைட்ரஜனை. 42ஆம் இடத்துக் கிளைசினின் கார்பனைல் ஆக்சிஜன் அந்த ஹைட்ரஜனோடு பிணைகிறது. சாதாரணக் குவானைனில் அந்த இடத்தில் ஹைட்ரஜன் இல்லை; இரு எலக்ட்ரான் மிகுந்த அணுக்கள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று விலக்கும். எண்ணற்ற நல்ல குவானைன்களுக்கு நடுவே ஒரு கெட்டதைப் பிரித்தறிவதற்கு இந்த ஒற்றை ஹைட்ரஜன் பிணைப்பே முதன்மையான ஆதாரம்.

கேள்வி: 8-ஆக்சோகுவானைனுக்கு எதிரே ஏற்கெனவே அடினைன் அமர்ந்துவிட்டால் ஓ.ஜி.ஜி.1 என்ன செய்யும்?

விலகிக்கொள்ளும்; விலகிக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நிலையில் 8-ஆக்சோகுவானைனை வெட்டினால், எதிரிலிருக்கும் தவறான அடினைனைப் பார்த்துத் தைமின் நிரப்பப்படும், தவறு நிரந்தரமாகிவிடும். எனவே ஓ.ஜி.ஜி.1 எதிரே இருப்பது சைட்டோசினா என்பதையும் தனியே சோதிக்கிறது.

அடினைன் அமர்ந்துவிட்ட இடத்துக்கு வருவது மியூட்டி-எச் எனப்படும் வேறொரு நொதி. இது பழுதடைந்த காரத்தை விட்டுவிட்டு, எதிரே இருக்கும் பழுதில்லாத அடினைனை வெட்டுகிறது. அடினைன் மோசமான வெளியேறும் தொகுதி. அதனால் நொதியின் அமிலப் பக்கத்தொகுதி ஒன்று அடினைனின் ஏழாவது நைட்ரஜனுக்குப் புரோட்டானைக் கொடுத்து, அது வெளியேற வழி செய்கிறது. அந்த நைட்ரஜனை வேதியியல் முறையில் கார்பனாக மாற்றிவிட்டால் நொதியால் வெட்டவே முடிவதில்லை. சரியான இடத்தை அறிவதற்கு உதவுவது, திரும்பி நிற்கும் 8-ஆக்சோகுவானைனின் இரண்டாவது கார்பனிலுள்ள அமினோ தொகுதி: சுருளின் புறத்தே ஓடும் இரு பள்ளங்களில் வழக்கமாகச் சிறு பள்ளத்தை நோக்கியிருக்கும் அது, காரம் திரும்பியதால் சுருளின் பெரும் பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஷீலா டேவிட் குழுவின் ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின.

கேள்வி: இந்த நுணுக்கங்களுக்கும் நோயாளிகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. பெருங்குடலில் ஏராளமான பாலிப்புகள் (உள்சுவரில் வளரும் சிறு கட்டிகள்) தோன்றிப் புற்றுநோயாக மாறும் ஒரு பிரிட்டன் குடும்பத்தைக் கார்டிஃப் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இத்தகைய குடும்பங்களில் பிறவியிலேயே பழுதடைந்திருக்கும் ஏ.பி.சி. மரபணு, இவர்களிடம் பரம்பரையாக நன்றாகவே இருந்தது. கட்டிகளுக்குள் பார்த்தபோது அதே மரபணு புதிதாகச் சேதமடைந்திருந்தது. அந்தச் சேதங்கள் பெரிதும் குவானைன் தைமினாக மாறிய வகையைச் சேர்ந்தவை. 8-ஆக்சோகுவானைனின் கைரேகை அதுதான். அங்கிருந்து பின்னோக்கிச் சென்று, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மியூட்டி-எச் மரபணு வந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். நோயின் காரணத்தைச் சடுதிமாற்றத்தின் வேதியியல் வடிவத்திலிருந்தே ஊகித்துச் சென்றடைந்த இந்த வேலையை, இத்துறையின் ஆகச் சிறந்த பணிகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். இப்போது இத்தகைய குடும்பத்தாருக்கு மரபணுச் சோதனையும், தொடர்ச்சியான பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன.

கேள்வி: 8-ஆக்சோகுவானைன் மேலும் சேதமடையுமா?

குவானைனைவிட எளிதாகச் சேதமடையும். அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.74 வோல்ட் மட்டுமே. மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்றால் ஸ்பைரோஇமினோடைஹைடன்டாயின், குவானிடினோஹைடன்டாயின் ஆகியவை உருவாகின்றன. இவற்றில் தட்டையான இரட்டை வளையம் குலைந்துபோயிருப்பதால் ஓ.ஜி.ஜி.1இன் பள்ளத்தில் இவை பொருந்துவதில்லை. நீல்1 என்னும் நொதி இவற்றை வெட்டுகிறது. நீல்1இன் ஆர்.என்.ஏ. செல்லுக்குள் திருத்தப்படும்போது 242ஆம் இடத்து லைசின் ஆர்ஜினினாக மாறுகிறது. திருத்தப்படாத வடிவம் தைமின் கிளைக்காலை (ஆக்சிஜனேற்றம் பெற்ற தைமின்) மிக வேகமாக வெட்டுகிறது, திருத்தப்பட்ட வடிவம் குவானிடினோஹைடன்டாயினை நன்றாக வெட்டுகிறது.

கேள்வி: மெத்தில் ஏற்றும் நச்சுப்பொருள் ஒன்று பல இடங்களில் மெத்திலைப் பொருத்தினால் எல்லாம் ஒரே வழியில்தான் சீராகுமா?

இல்லை. மெத்தில் எந்த அணுவில் அமர்ந்தது என்பதே வழியைத் தீர்மானிக்கிறது. பெரும்பகுதி குவானைனின் ஏழாவது நைட்ரஜனில் அமர்கிறது. அது சைட்டோசினோடு சரியாகவே இணைவதால் பெரிய தீங்கில்லை. அடினைனின் மூன்றாவது நைட்ரஜனில் அமர்ந்தால் பாலிமரேஸ் தடைபட்டு நிற்கும். இவ்விரண்டிலும் காரம் நேர்மின்சுமை பெறுவதால் கிளைக்கோசிடிக் பிணைப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, ஏ.ஏ.ஜி. கிளைக்கோசைலேஸ் அதை வெட்டியெடுக்கிறது. அடினைனின் முதலாம் நைட்ரஜனிலோ சைட்டோசினின் மூன்றாம் நைட்ரஜனிலோ அமர்ந்தால், அல்க்பி குடும்பத்து நொதிகள் இரும்பையும் 2-ஆக்சோகுளூட்டரேட்டையும் துணைக்கொண்டு அந்த மெத்திலை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அது ஃபார்மால்டிஹைடாகக் கழன்றுவிடக் காரம் முழுமையாக மீள்கிறது.

குவானைனின் ஆறாவது ஆக்சிஜனில் அமர்ந்த மெத்தில்தான், எண்ணிக்கையில் குறைவாயினும், மிக ஆபத்தானது. அது தைமினோடு இணைகிறது. காரத்துக்கு நேர்மின்சுமை இல்லாததால் பிணைப்பும் தளர்வதில்லை. இங்கே எம்.ஜி.எம்.டி. என்னும் புரதம் தன் 145ஆம் இடத்துச் சிஸ்டீனின் கந்தகத்தால் அந்த மெத்திலைத் தன்மீதே ஏற்றுக்கொள்கிறது. இந்தக் கந்தகம்–மெத்தில் பிணைப்பு மீண்டும் உடையாது. ஒரு புரத மூலக்கூறு ஒரு பழுதைச் சீர்செய்ததும் அழிக்கப்படுகிறது. கல்லூரியில் படிக்கும் எஸ்.என்.2 வினையின் (ஒரு தொகுதி வந்து தாக்கும்போதே மற்றொன்று வெளியேறும் வினை) விதி இங்கும் பொருந்துகிறது: எத்தில் தொகுதி மெத்திலைவிட மெதுவாகவே கைமாறுகிறது, பென்சைல் தொகுதி வேகமாகக் கைமாறுகிறது.

கேள்வி: எம்.ஜி.எம்.டி. அளவை மூளைக்கட்டி நோயாளிகளுக்கு ஏன் சோதிக்கிறார்கள்?

கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுக்குத் தரப்படும் டெமோசோலோமைடு, குவானைனின் ஆறாவது ஆக்சிஜனில் மெத்திலைப் பொருத்தியே புற்றுச்செல்லைக் கொல்கிறது. கட்டியில் எம்.ஜி.எம்.டி. நிறைய இருந்தால் மருந்தின் வேலையை அது உடனுக்குடன் அழித்துவிடும். அந்த மரபணுவின் முகப்புப் பகுதி மெத்தில் குறியால் அடைக்கப்பட்டிருந்தால் புரதம் உருவாகாது; அத்தகையோருக்கு இந்த மருந்தால் பயன் அதிகம் என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: பெரிய பழுதுகள் எளிதில் அகப்படுமா?

சுருளை எவ்வளவு கோணலாக்குகின்றன என்பதைப் பொறுத்தது. புற ஊதாக் கதிரால் அடுத்தடுத்த இரு பிரிமிடின்கள் (தைமின், சைட்டோசின் வகைக் காரங்கள்) ஒட்டிக்கொள்ளும்போது இரண்டு வகைப் பழுதுகள் தோன்றுகின்றன. 6-4 வகை சுருளை வெகுவாகத் திருகுவதால் சில மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீக்கப்படுகிறது. சைக்ளோபியூட்டேன் வகை அவ்வளவு திருகாததால் ஒரு நாள் கடந்தும் கணிசமாக எஞ்சுகிறது. பழுதைச் சுற்றியுள்ள இழைத்துண்டையே வெட்டியெடுத்து இவற்றை நீக்கும் நியூக்ளியோடைடு வெட்டுநீக்க வழியில் முதலில் வரும் எக்ஸ்.பி.சி. புரதம், பழுதைத் தொடாமல், எதிர் இழையில் இணை தளர்ந்த காரங்களையே உணர்கிறது என்பதால் இந்த வேறுபாடு எழுகிறது. இந்த வழி பிறவியிலேயே பழுதடைந்தவர்களுக்கு வருவதே சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் தோல் நோய்.

பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் அஃப்ளடாக்சின் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. கல்லீரலில் மாற்றம் பெற்ற அந்த நச்சு, குவானைனின் ஏழாவது நைட்ரஜனில் ஒட்டுகிறது. பிறகு குவானைனின் வளையம் திறந்துகொண்டால் கிடைக்கும் பொருள், உருவில் பெரியதாயினும், காரங்களுக்கு நடுவே அடுக்காக அமர்ந்து சுருளுக்கு மேலும் உறுதி தருகிறது. கோணல் குறைவாக இருப்பதால் அது நெடுங்காலம் தங்கிவிடுகிறது. நீல்1 இல்லாத எலிகளுக்கு அஃப்ளடாக்சினால் கல்லீரல் கட்டிகள் மிகுதியாக வருவதாக 2017இல் தெரியவந்ததால், அந்த நொதியும் இந்தப் பழுதைச் சீர்செய்வதில் பங்கேற்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: காரம் வெட்டப்பட்டதும் வேலை முடிந்துவிடுமா?

முடியாது. காரமிழந்த சர்க்கரை ஆல்டிஹைடாகத் திறந்து இழை முறிவுக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதற்கும் வழிவகுக்கும். சில வேளைகளில் மூலப் பழுதைவிட இதுவே ஆபத்து. டி.டி.ஜி. உள்ளிட்ட பல நொதிகள் வெட்டிய இடத்தை எளிதில் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, அடுத்து வந்து அங்கே இழையை வெட்டும் ஏ.பி.இ.1 நொதியிடம் அதைப் பத்திரமாக ஒப்படைக்க உதவுகிறது. பிறகு பாலிமரேஸ் இடைவெளியை நிரப்ப, லைகேஸ் இழையை மூடுகிறது.

கேள்வி: இந்த நொதிகளை மருந்தால் தடுக்கவோ தூண்டவோ முடியுமா?

தடுப்பதற்கான முயற்சி எம்.ஜி.எம்.டி.யில் தொடங்கியது. பென்சைல் தொகுதி விரைவாகக் கைமாறும் என்ற அறிவைப் பயன்படுத்தி உருவான O6-பென்சைல்குவானைன், அந்தப் புரதத்தைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜைச் செல்களும் அதே புரதத்தை நம்பியிருப்பதால், உடன் தரப்படும் மருந்தின் நச்சு விளைவு கூடியது. டெமோசோலோமைடின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று.

தூண்டுவது அதைவிடக் கடினம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஓ.ஜி.ஜி.1 காரத்தை வெட்டிய பிறகு இழையை வெட்டும் வேலையை மிக மெதுவாகவே செய்கிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் தோமஸ் ஹெலடேயின் குழு 2022இல் விவரித்த டி.எச்.10785 என்னும் சிறு மூலக்கூறு, காரம் வெளியேறிய பின் காலியாகும் பள்ளத்தில் அமர்ந்து, தன் நைட்ரஜனால் புரோட்டானைப் பறித்து அந்த வெட்டை விரைவுபடுத்துகிறது. அதோடு, ஓ.ஜி.ஜி.1 இயல்பாகச் செய்யாத இரண்டாவது நீக்க வினையையும் (சர்க்கரையின் மறுபக்கத்திலும் இழையைத் துண்டிப்பது) அது நிகழ்த்துகிறது. அவ்வாறு வெட்டப்பட்ட முனையில் பாஸ்பேட் எஞ்சுவதால், அதன் பிறகு ஏ.பி.இ.1க்குப் பதில் பி.என்.கே.பி. என்னும் நொதி வந்து அந்த முனையைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.